கடைசி வீட்டுக்கும் சூடாக

“டார்ச்சை என் கைக்குக் காட்டும்மா.”

“காட்டிட்டுத்தானேடி இருக்கேன்.”

இல்லை. அம்மா பேசும்போது டார்ச்சும் சேர்ந்து பேசும். வெளிச்சம் வேனின் கூரைக்குப் போகும், தரைக்குப் போகும், யாரைப் பற்றிப் பேசுகிறாளோ அவர் வீடு இருக்கும் திசைக்குப் போகும். வேனின் பின்பகுதியில் பகலிலும் இருட்டுதான். நான் முழங்காலிட்டு, சாப்பாட்டுப் பெட்டியின் கதவைச் சுற்றிப் புது ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். பழையது வெடித்துப்போய், மூலைகளில் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

“முதல் வீட்டுல தொட்டா சுடுது. கடைசி வீட்டுல தொட்டா, தொட்டதே தெரியல. பாவம்டி அந்தக் கிரேன்காரர். தினமும் ஆறினதைத்தான் குடிக்கிறார்.”

“அப்ப அவர் வீட்டுக்கு முதல்ல போ.”

“முதல்ல போனா அடுத்த வீட்டுக்கு ஓடணும். அவர்கிட்ட ஓடிக்கிட்டே பேச முடியாது.”

குளிர்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வெப்பம் எங்கே நுழைகிறது, எங்கே தப்புகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்மா இதைக் கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வாள்: “நான் சூடாக் கொண்டு போறேன், எம்பொண்ணு குளிர வைக்கிறா. எங்க குடும்பத்துல ஒரு வேலையும் உருப்படாது.” அன்று பட்டையை ஒட்டி முடித்து, இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. நல்ல அடைப்பு. அம்மாவும் இழுத்துப் பார்த்தாள். காகிதம் கிழிந்தது. “பலே” என்றாள்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே அவள் இறந்துபோனாள்.

அம்மா பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்தில் வண்டி ஓட்டினாள். மடத்துச் சமையலறையில் துறவிகளுக்கு எது வேகிறதோ, அதே சாப்பாடு வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும் நகரத்துக்குள் போகும். தனிச் சமையல் கிடையாது. பருப்பு சூப், ரொட்டி, வேகவைத்த காய்கறி, பண்டிகை என்றால் ஒரு துண்டு மீன். யாராவது முகம் சுளித்தால் அம்மா விடமாட்டாள். “சாமிங்க தட்டுல என்னவோ அதேதான் உங்க தட்டுலயும். உப்பு கம்மின்னா அவங்களுக்கும் கம்மிதான். ஆறுதல்பட்டுக்குங்க.”

அம்மா குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேல் கண் தெரிய வேண்டும் என்றால் இருக்கையில் ஏதாவது போட்டாக வேண்டும். துறவிகள் கழித்துப்போட்ட கறுப்பு அங்கி ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருந்தாள். “ஒரு சாமி மேல உக்காந்துதான் ஓட்டறேன்” என்பாள், அந்தச் சாமியின் எதிரிலேயே. மடத்து மதிலுக்குள் ஒரு நாளும் ஹாரன் அடித்ததில்லை. வாயிலைத் தாண்டியதும் முதல் வேலையாக ஒருமுறை அடிப்பாள். உள்ளே அடக்கி வைத்ததை வெளியே விடுகிறாளாம்.

அவள் அந்த மடத்துக்கு வேலை தேடிப் போகவில்லை. தண்ணீர் கேட்டுப் போனாள். அப்போது ஒரு ரொட்டிக் கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் நானும் ரொட்டியோடு ரொட்டியாக வண்டியில் போவேன். அன்று எனக்குக் காய்ச்சல். நல்ல மழை. மடத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் கொதித்து நின்றது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாயில் மணியை அடித்தாள். கதவைத் திறந்த துறவி யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை.

“உள்ள வாங்க. முதல்ல சாப்பிடுங்க.”

“எங்களுக்கு இல்லைங்க. வண்டிக்குத்தான் தண்ணி.”

“வண்டிக்கும் குடுப்போம்.”

அந்தச் சபையின் வழக்கம் அது. வாசலில் வந்து நிற்பவரைக் கிறிஸ்துவே வந்ததாக எண்ணி ஏற்க வேண்டும். அன்று குடித்த சூப்பின் சூடு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அளவு சொல்லத் தெரியாத ஒரே வெப்பநிலை அதுதான். என் காய்ச்சல் இறங்கும்வரை விருந்தினர் அறையில் தங்கினோம். அதற்குள் ரொட்டிக் கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று அம்மா வெளியே வந்தபோது, மடத்து வேன் வாயில் தூணை உரசிக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் மடத்தின் பண்டகப் பொறுப்பில் இருக்கும் துறவி. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும். அம்மா அவருக்கு வைத்த பெயர் சாவிச் சாமி. தூணின் அந்தப் பக்கத்தில் சுண்ணாம்பு நிற்பதே இல்லை என்பதை அம்மா கவனித்தாள்.

“சாமி, நீங்க கொஞ்சம் இறங்குங்க” என்றாள்.

அவர் இறங்கினார். இவள் ஏறினாள். அதன்பின் அவள் இறங்கவே இல்லை.

நான் அந்த மதிலுக்குள் வளர்ந்தேன் என்றே சொல்லலாம். முதன்முதலாக ஒரு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றிப் பார்த்தது அங்கேதான், சாவிச் சாமியின் அனுமதியோடு. மறுபடி மாட்டத் தெரியாமல் நான் திண்டாடிய நாட்களில் மடம் முழுவதும் திரிந்த பாலைக் குடித்தது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மௌனம் அவர்கள் விதி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு என்னைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியவர்களும் அவர்களே.

அம்மாவுக்கு ஜெபத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. மணி அடித்ததும் துறவிகள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவது அவளுக்கு ஆகாது. பாதி தோல் உரித்த உருளைக்கிழங்கு தண்ணீரில் மிதக்கும்.

“கிழங்கு வேகறதுக்குள்ள கடவுள் எங்கயும் ஓடிப்போயிட மாட்டார் சாமி.”

“அவர் ஓடமாட்டார்மா. நான்தான் ஓடிடுவேன்” என்பார் சாவிச் சாமி, கையைத் துடைத்துக்கொண்டே.

ஆனால் ஜெபத்தில் அவர்கள் பாடும் பாட்டு பிடிக்கும். சாப்பாடு கொடுத்துவிட்டு மடத்துக்குத் திரும்பி வரும் நேரமும் நண்பகல் ஜெபமும் ஒன்றாக அமையும். வேனை முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடி, அந்தப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். கேட்டால், “இன்ஜின் ஆறட்டும்னு இருந்தேன்” என்பாள்.

ஜெபம் முடிந்து துறவிகள் சாப்பிடப் போவார்கள். மடத்து உணவறையில் பேச்சு கிடையாது. ஒருவர் மட்டும் நின்று ஏதாவது புத்தகம் வாசிப்பார். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். வேண்டியதைக் கை ஜாடையில் கேட்கலாம். பெரும்பாலும் கேட்கவே தேவைப்படாது. பக்கத்தில் இருப்பவர் கவனித்து, தலை நிமிராமல் நகர்த்திவிடுவார். ஆண் விருந்தாளிகள் அங்கே உட்காரலாம். பெண்களுக்கு வேறு கூடம். அம்மா சமையலறையின் பரிமாறும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தே அத்தனை ஜாடைகளையும் கற்றுக்கொண்டாள். வீட்டில் போனில் பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பி மேசையில் இரண்டு விரலால் தட்டுவாள். உப்பு. உள்ளங்கையைக் கவிழ்ப்பாள். போதும். ஒருமுறை சாலையில் குறுக்கே புகுந்த லாரிக்காரரைப் பார்த்து ஆவேசமாக ஏதோ ஜாடை காட்டினாள். “என்னம்மா சொன்ன?” என்றேன். “கோவத்துல மாறிப்போச்சுடி. ரொட்டி கேட்டுட்டேன்.”

இனி கிரேன்காரர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனி ஆள். பக்கவாதம் வந்து பிழைத்தார். ஒரு கால் வீங்கியே இருந்தது. முகத்தின் இடது பக்கம் இறங்கிவிட்டது. சாப்பிடும்போது வாயோரம் வழியும். அவருக்கு அது தெரியாது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். உறவினர் வீட்டு விருந்து ஒன்றில் எதிரே இருந்த பெண்மணி தன் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் யாரோடும் ஒரு மேசையில் உட்காரவில்லை. வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார். சங்கிலி விடுகிற அளவுக்குக் கதவு திறக்கும். வலது கை மட்டும் வரும். டப்பாவை வாங்கும். முந்தின நாள் டப்பாவைத் தரும். அதில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும்.

அம்மாவுக்கு அந்தப் பாதிதான் பொறுக்கவில்லை. “தனியாத் தின்னா சோறு மருந்தாயிடும்டி. அளவா முழுங்கிட்டு மூடி வச்சிடுவாங்க.” யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சேர்ந்து சாப்பிடும் இடம் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். இந்த மனிதரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் அவர் வீட்டைத் தன் சாப்பாட்டுச் சுற்றின் கடைசியில் வைத்திருந்தாள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன்.

“ஒரு நாள் வாங்களேன். யாரும் உங்களைப் பாக்கமாட்டாங்க.”

“சொல்றது சுலபம்.” சங்கிலிக்குப் பின்னாலிருந்து, சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

“சத்தியமாங்க. எத்தனை வருஷமா அந்த ஜன்னல்ல நிக்கறேன், என்னையே ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்ல. எனக்கே வருத்தம்தான்.”

உள்ளே ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை. அம்மா சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டாள். வேனில் ஏறியதும் சொன்னாள்: “மேல உக்காந்து ஊரையே பாத்த மனுஷன். இப்ப தன்னை ஒருத்தர் பாத்துடக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னால நிக்கறார். விடுவனா?”

காரியம் கனிந்து வந்த வேளையில் சாவிச் சாமி கெடுத்தார். நல்ல எண்ணத்தில்தான். மடத்துக்குச் சாப்பிட வரும் விருந்தாளியின் கையில் துறவிகள் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவது அவர்கள் மரபு. விருந்தாளி வரத் தயங்குகிறார், ஆகவே அந்த வரவேற்பை அவர் வாசலுக்கே கொண்டு போவோம் என்று அவருக்குத் தோன்றியது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறுப்பு அங்கி, ஒரு கையில் கூஜா, மறு கையில் பாத்திரம், தோளில் வெள்ளைத் துண்டு. இப்படிப் போய்க் கதவைத் தட்டினார். கிரேன்காரர் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

“நான் இன்னும் சாகலய்யா!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அம்மா அன்று சமையலறையில், மௌன நேரம் என்றும் பாராமல், சாவிச் சாமியைப் பிடித்துக்கொண்டாள். “கறுப்பு அங்கி, வெள்ளைத் துண்டு, பாத்திரத்துல தண்ணி. நானா இருந்தா அப்பவே படுத்துக் கண்ணை மூடியிருப்பேன். கூட ரெண்டு மெழுகுவத்தியும் எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?” அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு ஜாடை காட்டினார். மன்னிப்பு. அம்மா உள்ளங்கையைக் கவிழ்த்தாள். போதும்.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் கையும் வெளியே வரவில்லை. டப்பாவைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். மூடிய கதவைப் பார்த்து வானிலை, லாரிக்காரர்கள், என் கல்யாணம் நடக்காதது என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு வந்தாள். கை திரும்ப வந்த அன்று எனக்குப் போன் செய்தாள். குழந்தை எழுந்து நடந்துவிட்டது போன்ற குரல். “வந்துருச்சுடி. நகமெல்லாம் வெட்டியிருக்கார்.”

ரப்பர் பட்டை மாற்றியது அதற்கு அடுத்துதான்.

அந்த வாரப் புதன்கிழமை சுற்றை முடித்துவிட்டு வழக்கம்போல முற்றத்தில் வேனை நிறுத்தியிருக்கிறாள். இன்ஜினை அணைத்திருக்கிறாள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறாள். கண்ணாடியை இறக்கியிருக்கிறாள். கோயிலுக்குப் போகும் வழியில் சாவிச் சாமி அவளைப் பார்த்திருக்கிறார். கண் மூடியிருந்தது. பாட்டுக்குக் காத்திருக்கிறாள் என்று எண்ணி, சாவிக்கொத்து குலுங்காமல் கையால் பிடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறார். ஜெபம் முடிந்து வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

இதயம் என்றார் மருத்துவர்.

சாவிச் சாமி என்னிடம் வந்து, “நான் தட்டியிருக்கணும்மா” என்றார். தட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மருத்துவர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அது உண்மை. அதோடு இன்னொன்றும் சொன்னேன்: சாவியைப் பிடித்துக்கொண்டு போனதற்கு நன்றி என்று. அவர் அழுதார். நானும்.

மடத்துக் கோயிலில் துறவிகள் அவளுக்காகப் பாடினார்கள். இந்த முறை கண்ணாடி எதுவும் இறக்கத் தேவைப்படவில்லை. சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்திருந்த சிலரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “நான் ரெண்டாவது வீடு”, “நான் நீலக் கேட்டு வீடு” என்று சொன்னார்கள். கடைசி வீடு வரவில்லை.

மறுவாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வேனை ஓட்ட நானே வந்தேன். சாவிச் சாமி ஓட்டினால் தூண் தாங்காது. பெட்டிகளை ஏற்றும்போது அவர் என்னைப் பரிமாறும் ஜன்னலுக்கு அழைத்தார். உணவறை காலியாக இருந்தது. தட்டுகள் வைத்திருந்தார்கள். அவருடைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை, தட்டுக்கு முன்னால் சின்ன மரச்சிலுவை.

துறவி ஒருவர் இறந்தால் ஒரு மாதம் அவர் இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஆனால் தினமும் தட்டு வைப்பார்கள். அவர் பங்குச் சாப்பாடு வெளியே தேவைப்படும் ஒருவருக்குப் போகும். இந்த வழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அம்மா துறவி இல்லை. அந்த அறைக்குள் ஒரு வேளைகூட உட்கார்ந்ததில்லை.

“எல்லாரும் சேர்ந்து பேசினோம்மா. இத்தனை வருஷம் ஜன்னல்லயே நிக்க வச்சுட்டோம்” என்றார். பிறகு, “அவங்க பங்கு யாருக்குன்னு நீதான் சொல்லணும்.”

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி வீட்டுக்குப் போனபோது மடத்தில் நண்பகல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கதவைத் தட்டினேன். கைக்காகக் காத்திருந்தேன். சங்கிலியைக் கழற்றும் சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்தது.

உயரமான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பொத்தான், மேலே கோட்டு. தண்ணீர் தொட்டு வாரிய தலை. காலில் சாக்ஸ் மட்டும். முகத்தின் இடது பக்கம் இறங்கியிருந்தது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவிட்டார்.

“நீதான் குளிர வைக்கிற பொண்ணா?”

“ஆமாங்க.”

“இன்னிக்கு நீ வருவேன்னு அந்தச் சாமி சொன்னார். உங்கம்மா விஷயத்தையும் அவர்தான் வந்து சொன்னார்.” மூச்சு வாங்கினார். “இந்தத் தடவை பாத்திரம் கொண்டுவரல.”

டப்பாவை நீட்டினேன். “இது அம்மாவோட பங்குங்க. சாமிங்க கூட அவங்களுக்கும் இடம் போட்டிருக்காங்க. அவங்க பேர்ல எடுத்து வச்சது, உங்களுக்கு.”

வலது கையால் வாங்கினார். மூடிமேல் கட்டைவிரலை வைத்து அப்படியே நின்றார். சூடாக இருந்தது. பிறகு அதை என்னிடமே திருப்பித் தந்தார்.

“இங்க வேணாம்” என்றார். “போன வியாழக்கிழமை மடத்துக்குச் சாப்பிட வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தேன்.”

எனக்கு அது தெரியாது.

“இந்தக் காலுக்கு ஷூ நுழையல, எப்படி வரதுன்னேன். கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. அகலப்படுத்திக் கொண்டாரேன்னு.”

“எந்தக் கடைன்னு சொன்னாங்களா?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால யாரோ. திட்டிக்கிட்டே செய்வான், ஆனா நல்லாச் செய்வான்னாங்க.”

“தெரியும்” என்றேன்.

“மணி அடிக்க நேரம் இருக்கில்ல?”

“இருக்குங்க.”

“அப்ப டப்பாவை வண்டியிலயே வை. ஷூவை எடுத்துட்டு வா.”

வேனைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, வீங்கிய காலைத் தெருப் பக்கமாக நீட்டி உட்கார்ந்திருந்தார். கதவை மூடவில்லை.